ஆறாத காற்புண்: கட்டுவதா, வெட்டுவதா?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் வழக்கமாகப் பேசப்படுபவை சமயம், இலக்கியம், சமூகசேவை என்பன. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு புண். கேட்க இனிய பொருளன்று. ஆயினும் நம் ஊர்களில் வேட்டியின் கரைக்குக் கீழும் சேலையின் கொய்யகத்துக்குக் கீழும் மறைத்து வைக்கப்பட்டு, மாதக்கணக்காகவும் வருடக்கணக்காகவும் ஆறாதிருக்கும் புண் அது. அதன் நாற்றத்துக்கு அஞ்சிக் கோயில் வீதிக்கு வராதவர்கள் உண்டு. கலியாண வீட்டுக்குப் போகாமல் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லி வீட்டில் இருந்துவிடுபவர்கள் உண்டு. “பழவினை, அநுபவித்துத் தீரவேண்டும்” என்று மனத்தைத் தேற்றிக்கொள்பவர்களும் உண்டு. அவர்களை நினைத்தே இப்பொருளைத் தெரிந்தெடுத்தேன்.

கணைக்காலில் வரும் நாட்பட்ட நாளப் புண்ணுக்கு இரண்டு சிகிச்சைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, காலை இறுக்கிக் கட்டும் அமுக்கச் சிகிச்சை. மற்றது, கெட்டுப்போன நாளத்தை அகற்றும் சத்திரசிகிச்சை. இவ்விரண்டில் எது மேல் என்ற வழக்கு வைத்திய உலகத்தில் நூறு வருடங்களுக்கு மேலாக நடந்தது. அவ்வழக்கில் ஓரளவு தெளிவான தீர்ப்பு நம் காலத்திலேதான் கிடைத்திருக்கின்றது. அந்தத் தீர்ப்பையும், அது எவ்வாறு பெறப்பட்டது என்பதையும் உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

நான் வைத்தியனல்லன், பல்கலைக்கழக மாணவன். ஆகவே இங்கே நான் சொல்வதை எவரும் மருந்துச் சீட்டாகக் கொள்ளலாகாது. வைத்தியரிடம் போகும்போது என்ன கேட்கவேண்டும் என்பதை அறிய உதவினால் அதுவே போதும்.

இத்தகைய பொருளைத் தமிழிற் பேசலாமா என்று சிலர் ஐயுறலாம். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், நம் இளைஞர்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரவைத்திய நூலொன்று “இரண வைத்தியம்” என்ற பெயரில் அவருடைய முயற்சியால் தமிழாயிற்று. இரணம் என்றால் புண். புண்ணைப்பற்றித் தமிழிற் பேசுவது நமக்குப் புதிதன்று.

நோயின் மூலம்

திருவள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்திலே நோயை மாத்திரம் பாராமல் அது வந்த காரணத்தையும் தேடும்படி வைத்தியனுக்குப் பணிக்கின்றார். நாமும் அங்கேயே தொடங்குவோம்.

இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாய் நாடி. அதை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் நாளம். பேச்சு வழக்கில் இரண்டையும் ‘நரம்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். காலுக்குப் போன இரத்தம் மேல்நோக்கித் திரும்பவேண்டுமே, அதை ஏற்றுவது எது? இதயத்தின் தள்ளுவிசை அங்கே பெரும்பாலும் தேய்ந்துவிடுகின்றது. ஏற்றுவது நம்முடைய கெண்டைக்காற் தசை. நாம் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அத்தசை இறுகி, தன்னுள்ளே கிடக்கும் ஆழ்நாளங்களைப் பிழிந்து, இரத்தத்தை மேலே தள்ளுகின்றது. தசை தளரும்போது இரத்தம் மீண்டும் கீழே விழாதபடி நாளங்களுக்குள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் உண்டு. அவை மேல்நோக்கி மட்டுமே திறக்கும்.

இந்த வால்வுகளை இத்தாலியின் பாடுவா நகரத்துப் பேராசிரியர் பப்ரீசியஸ் 1603ஆம் ஆண்டிலே படங்களுடன் விவரித்து நூல் எழுதினார். ஆனால் அவற்றின் தொழிலை அவர் சரிவர உணரவில்லை. அவருடைய மாணாக்கரான வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேயர், 1628ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, கையைக் கட்டி நாளங்களைப் புடைக்கச்செய்து, விரலால் தடவிக் காட்டி, இரத்தம் ஒரு திசையில் மாத்திரமே செல்லமுடியும் என்று நிறுவினார். ஆசிரியர் கண்டதன் பொருளை மாணாக்கன் கண்டான்.

இனி, காலில் இருவகை நாளங்கள் உண்டு. தசைக்குள்ளே இருப்பவை ஆழ்நாளங்கள். இரத்தத்தின் பெரும்பங்கை ஏற்றுபவை இவைதாம். தோலுக்குக் கீழே ஓடுபவை மேல்நாளங்கள். இவற்றை இடையிடையே இணைக்கும் துளைநாளங்களும் உண்டு. மேல்நாளத்தின் வால்வுகள் பழுதானால், மேலே ஏறிய இரத்தம் அந்த வழியாகக் கீழே வடிந்துவிடும்.

நம் பாட்டன்மார் காலத்துத் துலாக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். துலாவிலே ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, பட்டை நீரோடு மேலே வரும். பட்டையின் அடியில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? மிதிப்பவர் எவ்வளவு நடந்தாலும் நீரிற் பாதி கிணற்றுக்குள்ளேயே திரும்ப விழும். வால்வு கெட்ட காலின் நிலைமை இதுவே.

இதை எண்ணாலும் சொல்லலாம். ஒருவர் அசையாமல் நிற்கும்போது கணைக்கால் நாளத்தில் உள்ள அமுக்கம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசம். இரத்த அமுக்கம் பார்க்கும் கருவியில் வழங்கும் அதே அளவுதான் இது. சுகமுள்ளவர் நடக்கத் தொடங்கினால் சில அடிகளுக்குள் அது 30க்குக் கீழே இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு இறங்குவதில்லை. அவர் நடந்தாலும் கால் நின்றபடியே இருக்கின்றது என்று சொல்லலாம். இந்த ஓயாத அமுக்கத்தால் நுண்குழாய்களிலிருந்து நீரும் செங்குருதிச் சிறுதுணிக்கைகளும் வெளியே கசிகின்றன. கால் வீங்குகின்றது. உட்புறக் கணுவுக்கு மேலே தோல் கபிலநிறமாகி, தடித்து, மரம்போல் இறுகுகின்றது, கடிக்கின்றது. பின்பு ஒருநாள் நுளம்பு கடித்த இடத்தைச் சொறிவதோ, கதவின் மூலை தட்டுவதோ போதும். சிறு காயம் புண்ணாகி விரிகின்றது. மற்றவர்க்குப் பத்து நாளில் மாறும் காயம் இவருக்குப் பத்து மாதமாகியும் மாறுவதில்லை.

மாறாமைக்குக் காரணம் மேலே பூசும் மருந்தின் குறைவு அன்று. புண்ணின் கீழே நிற்கும் அமுக்கமே காரணம். இதை உணர்ந்தால், களிம்பை மாற்றி மாற்றிப் பூசுவதில் நாம் செலவிடும் காலமும் பணமும் எவ்வளவு வீண் என்பது புலனாகும்.

கட்டும் முறை

புண்ணைக் கட்டுவது மிகப் பழைய கலை. நம் ஆயுர்வேதத்தின் முதனூல்களுள் ஒன்றாகிய சுசுருத சம்ஹிதை புண்ணுக்குரிய உபசாரங்கள் அறுபது எனவும், கட்டு வகைகள் பதினான்கு எனவும் வகுத்துரைக்கின்றது. மேல்நாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹம்பேர்க் நகரத்துச் சரும வைத்தியர் உன்னா என்பவர் நாக ஒட்சைட்டு, ஜெலற்றின், கிளிசரின் ஆகியவற்றைக் குழைத்த பசையைத் துணியிலே தோய்த்துக் காலிற் சுற்றும் முறையைப் பரப்பினார். அது இறுகிக் காலுக்கு ஒரு சப்பாத்துப் போலாகிவிடும். இன்றும் பல நாடுகளில் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இன்னொருவர் கதை சுவையானது. கொன்றாட் ஜோப்ஸ்ற் என்பவர் அமெரிக்காவில் வாழ்ந்த பொறியியலாளர். இந்த நோயினால் தாமே வருந்தியவர். நீச்சற் குளத்தில் நிமிர்ந்து நிற்கும்போது கால்நோவு தணிவதை அவர் கவனித்தார். ஏன் என்று சிந்தித்தார். நீரின் அமுக்கம் ஆழத்தோடு கூடும். அடியில் அதிகம், மேலே குறைவு. காலுக்குள் இருக்கும் இரத்தத்தின் அமுக்கமும் அப்படியே. ஒன்றை ஒன்று சமன் செய்கின்றது. ஆகவே கணைக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் உள்ள காலுறையை 1950ஆம் ஆண்டளவில் செய்து வெளியிட்டார். அமுக்கச் சிகிச்சையின் இரகசியம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கின்றது.

இலண்டன் சேரிங் குறொஸ் வைத்தியசாலையில் இந்த முறை நான்கு படைக் கட்டாக உருவாயிற்று. முதலிற் பஞ்சு, அதன்மேல் கிறேப் துணி, அதன்மேல் இழுபடுந் துணி, கடைசியாகத் தன்னில்தானே ஒட்டும் துணி. 1988ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, இக்கட்டுக் கணைக்காலில் 40 மில்லிமீற்றர் அளவான அமுக்கத்தை ஒரு வாரம் வரை குறையாமல் வைத்திருந்தது. கட்டப்பட்ட 148 கால்களில் 110 கால்களின் புண் 12 வாரங்களுக்குள் ஆறிற்று. அதாவது நூற்றுக்கு 74. வருடக்கணக்கில் ஆறாத புண்கள் அவற்றுள் பல என்பதை நினைத்தால் இது சிறு காரியமன்று. கத்தியில்லை, மயக்கமருந்தில்லை, பயிற்சி பெற்ற தாதியின் கைகளும் நான்கு சுருள் துணியுமே வேண்டியிருந்தன.

கட்டைவிடக் காலுறை இலகுவானது என்று சிலர் கருதினர். அதையும் 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்விலே 457 நோயாளரைக்கொண்டு ஒப்பிட்டனர். இருபடைக் காலுறை அணிந்தவர்க்கு ஆறுவதற்குச் சென்ற நடுத்தரமான காலம் 99 நாள். நான்கு படைக் கட்டுக்கு 98 நாள். வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் காலுறையைத் தொடர்ந்து அணிய இயலாமற் கைவிட்டவர்கள் கூடுதலாயிருந்தனர்.

கட்டின் குறை

கட்டுக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அது நாளத்தைத் திருத்துவதில்லை. ஓட்டைப் பட்டையின் அடியிற் கையை வைத்துப் பொத்திப் பிடித்தால் நீர் வரும். கையை எடுத்தால் ஒழுகும். புண் ஆறியதும் “சுகமாயிற்று” என்று காலுறையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால், நோயின் மூலம் முன்போலவே இருக்கின்றது. புண் மீண்டும் வருகின்றது. நம் நாட்டின் வெப்பத்தில், வியர்வையோடு, தினமும் இறுக்கமான காலுறை அணிவது எளிதன்று என்பதையும் ஒத்துக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது குறை ஆபத்தானது. எல்லாக் காற்புண்ணும் நாளப் புண் அன்று. நாடி அடைபட்டு, இரத்தம் காலுக்குப் போகாமலே வரும் புண்ணும் உண்டு. புகைபிடிப்போர், நீரிழிவுக்காரர், முதியோர் ஆகியோரிடத்தில் இதை எப்போதும் ஐயுறவேண்டும். அத்தகைய காலை இறுக்கிக் கட்டினால் மிச்சமாய் வரும் இரத்தமும் தடைப்பட்டுக் காலே பறிபோகலாம். ஆகவே கட்டுவதற்கு முன்னர் கணைக்கால் நாடியின் அமுக்கத்தையும் புயத்து நாடியின் அமுக்கத்தையும் அளந்து ஒப்பிடுவது விதி. கணைக்கால் அளவைப் புய அளவால் வகுக்க 0.8க்குக் குறைவாக வந்தால் முழு அமுக்கக் கட்டுப் போடலாகாது. நீரிழிவுக்காரரின் நாடி தடித்திருப்பதால் இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டவுங்கூடும். அவர்களுக்கு மேலும் பரிசோதனை வேண்டும். இளைஞர்கள் இதை மனத்திற் பதித்துக்கொள்ளவேண்டும்: இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டிற்போய்ப் பாட்டியின் காலை இறுக்கிக் கட்டத் தொடங்கினால் நன்மைக்குப் பதிலாகத் தீமையே விளையும்.

கத்தியின் வழி

நாளமே கெட்டதென்றால் அதை நீக்கிவிட்டால் என்ன? இந்தக் கேள்வியைச் செயலாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனி நாட்டுச் சத்திரவைத்தியர் திரெண்டலென்பேர்க். 1890ஆம் ஆண்டளவில் அவர் தொடையிலே பெரிய மேல்நாளத்தைக் கட்டி அறுத்து, மேலிருந்து வடியும் இரத்தத்தை நிறுத்தினார். 1916, 1917ஆம் ஆண்டுகளில் பொஸ்ரன் நகரத்து ஹோமன்ஸ் என்பவர் ஒரு முக்கியமான வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். மேல்நாளம் மாத்திரம் புடைத்ததால் வந்த புண்ணுக்குச் சத்திரசிகிச்சை நன்கு பயன்படும்; ஆழ்நாளத்தில் முன்பு இரத்தம் உறைந்து அதன் வால்வுகள் சிதைந்ததால் வந்த புண் அவ்வாறு எளிதிற் கட்டுப்படாது. 1938ஆம் ஆண்டில் அதே நகரத்து லின்ரன் துளைநாளங்களைத் தேடிக் கட்டும் பெரிய சத்திரசிகிச்சையை எடுத்துரைத்தார். கெட்டுப்போன தோலினூடே நீளமாக வெட்டவேண்டியிருந்ததால், அவ்வெட்டுக்காயமே ஆறாமல் வருத்துவது உண்டு.

“நாளத்தை எடுத்துவிட்டால் இரத்தம் எப்படித் திரும்பும்?” என்று பெரியோர் கேட்பது நியாயமே. ஆழ்நாளம் நன்றாயிருக்கும்போது ஏற்றும் வேலையின் பெரும்பங்கை அதுவே செய்கின்றது. கெட்ட மேல்நாளம் உதவுவதில்லை. ஏற்றியதைக் கீழே விட்டு உபத்திரவஞ் செய்கின்றது. இரண்டு பட்டைகளில் ஓட்டைப் பட்டையை அப்புறப்படுத்திவிட்டு நல்லதை வைத்துக்கொள்வது போன்றது இது.

இவ்வாறு இரு கட்சிகள் தோன்றின. கட்டுவோர் தாம் ஆற்றிய புண்களை எண்ணிக் காட்டினர்; வெட்டுவோரும் தாம் ஆற்றியவற்றை எண்ணிக் காட்டினர். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தவர் நெடுங்காலம் இல்லை. இலேசான புண்ணுடைய இளையவர்கள் வெட்டுக்கும், கடினமான புண்ணுடைய முதியவர்கள் கட்டுக்கும் போயிருந்தால், அந்தக் கணக்கிலே நியாயம் ஏது?

நடுவுநிலை ஆய்வு

இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கி 2002ஆம் ஆண்டு வரை, மூன்று வைத்திய நிலையங்களில், 500 நோயாளரை இந்த ஆய்வுக்குச் சேர்த்தனர். புண் உள்ளவர்களும் அண்மையில் ஆறியவர்களும் அவர்களுள் இருந்தனர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியரும் தீர்மானிக்கவில்லை, நோயாளரும் தீர்மானிக்கவில்லை. நாம் கோயிலிலே திருவுளச்சீட்டுப் போடுவதுபோலத் தற்செயலாகப் பிரித்தனர். ஒரு பகுதியினருக்கு அமுக்கக் கட்டு மாத்திரம். மறு பகுதியினருக்கு அமுக்கக் கட்டோடு மேல்நாளச் சத்திரசிகிச்சையும். “எஸ்கார்” என்ற பெயரால் வழங்கும் இவ்வாய்வின் முடிவு 2004ஆம் ஆண்டில் ‘லான்செற்’ வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது.

முதலாவது முடிவு வெட்டுவோருக்கு ஏமாற்றமளித்தது. 24 வாரங்களில் புண் ஆறியவர்கள் இரு பகுதியிலும் நூற்றுக்கு 65 பேர். கத்தி சேர்ந்ததனால் புண் ஆறும் வேகம் கூடவில்லை.

இரண்டாவது முடிவு கட்டுவோரைச் சிந்திக்க வைத்தது. ஒரு வருடத்துக்குள் புண் மீண்டும் வந்தவர்கள், கட்டு மாத்திரம் பெற்றவருள் நூற்றுக்கு 28 பேர். சத்திரசிகிச்சையும் பெற்றவருள் 12 பேர். அதே நோயாளரைத் தொடர்ந்து கவனித்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கிலே, நான்கு வருடங்களில் மீண்டும் வந்தோர் முறையே 56 பேரும் 31 பேரும்.

இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. புண் திறந்திருக்கும் காலத்தில் கட்டு அமுக்கத்தைச் சமன்செய்து கொண்டிருக்கின்றது. ஓட்டையைக் கை பொத்திக்கொண்டிருக்கையில் பட்டையை மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன? நீர் வரத்தான் செய்யும். கையை எடுத்த பின்னரே, அதாவது கட்டு அவிழ்ந்த பின்னரே, எந்தப் பட்டை நல்லது என்பது தெரியவரும். கட்டு புண்ணை ஆற்றுகின்றது; சத்திரசிகிச்சை புண் திரும்ப வருவதைத் தடுக்கின்றது. நூறு வருட வழக்கின் தீர்ப்பு இதுவே. இரு கட்சியாரும் இரு வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டு, ஒரே கேள்வியென்று எண்ணி வாதாடினர்.

ஹோமன்ஸ் சொன்ன வேறுபாடும் இவ்வாய்வில் வெளிப்பட்டது. மேல்நாளம் மாத்திரம் கெட்டிருந்தவர்களுக்கும், ஆழ்நாளத்தின் ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தவர்களுக்கும் சத்திரசிகிச்சையின் பயன் தெளிவாயிருந்தது. ஆழ்நாளம் முழுவதும் கெட்டிருந்தவர்களிடத்தில் அப்பயனை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நல்ல பட்டை வேறில்லையென்றால் ஓட்டைப் பட்டையை எறிந்தும் பயனென்ன? அவர்களுக்குக் கட்டும் காலுறையுமே முதற்றுணை.

கத்தி ஊசியானபோது

இதற்கிடையில் சத்திரசிகிச்சையின் உருவமே மாறிவிட்டது. 1990களின் பிற்பகுதி தொடக்கம், நாளத்தை வெட்டி இழுத்தெடுப்பதற்குப் பதிலாக, ஊசித் துவாரத்தின் வழியே மெல்லிய இழையொன்றை உள்ளே செலுத்தி, லேசர் ஒளியாலோ வானொலி அலையின் வெப்பத்தாலோ அதை உள்ளிருந்தே சுட்டு மூடிவிடும் முறைகள் வந்தன. மருந்து நுரையை உட்செலுத்தி மூடும் முறையும் உண்டு. இவற்றுக்கு முழு மயக்கம் வேண்டுவதில்லை. இடத்தை மாத்திரம் விறைக்கச் செய்தாற் போதும். நோயாளர் அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். மயக்கமருந்துக்குத் தாங்காதவர் என்று முன்பு விலக்கப்பட்ட முதியவர்களுக்கும் இதனால் வழி திறந்தது.

முறை இலகுவானபோது புதிய கேள்வி எழுந்தது. புண் ஆறும்வரை காத்திருந்து பின்னர் நாளத்தை மூடுவதா, புண் இருக்கும்போதே மூடிவிடுவதா? பிரித்தானியாவில் 20 வைத்திய நிலையங்களில் 450 நோயாளரை மீண்டும் திருவுளச்சீட்டு முறையிற் பிரித்து ஆராய்ந்தனர். எல்லாருக்கும் அமுக்கக் கட்டு உண்டு. ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரத்துக்குள் நாளம் மூடப்பட்டது. மற்றப் பகுதியினருக்குப் புண் ஆறிய பின்னர், அல்லது ஆறாவிட்டால் ஆறு மாதத்தின் பின்னர். “எவ்ரா” என்னும் இவ்வாய்வு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. முந்தி மூடப்பட்டவர்களின் புண் ஆறுவதற்கு நடுத்தரமாகச் சென்றது 56 நாள். காத்திருந்தவர்களுக்கு 82 நாள். 24 வாரங்களில் ஆறியோர் முறையே நூற்றுக்கு 85.6 பேரும் 76.3 பேரும். பின்தொடர்ந்த வருடங்களிலும் முந்தி மூடப்பட்டவரிடையே புண் மீண்டும் வருவது குறைவாயிருந்தது.

முந்திய ஆய்விலே ஆறும் வேகம் கூடவில்லை, இதிலே கூடியது. இதற்குக் காரணம் என்னவென்று கேட்பீர்கள். இவ்வாய்விற் சேர்க்கப்பட்டவர்கள் புண் வந்து ஆறு வாரத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களுக்கு நாளம் தாமதமின்றி மூடப்பட்டது, முறையும் இலேசானது. முந்திச் செய்தால் பயன் முந்தி வருகின்றது என்று கொள்ளலாம். தீங்கே இல்லையென்று சொல்வதற்கில்லை. நோவும், சிலருக்கு ஆழ்நாளத்தில் இரத்தம் உறைதலும் ஏற்பட்டன. ஆகவே யாருக்கு ஏற்றது என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

இங்கிலாந்தின் தேசிய வைத்திய வழிகாட்டி 2013ஆம் ஆண்டிலேயே ஒரு விதி செய்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு வாரத்துக்குள் ஆறாத புண்ணுடையவரை நாளச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பவேண்டும் என்பதே அது. இரண்டு வாரம்! நம்மிடையே இரண்டு வருடமானாலும் வாசற்படியைத் தாண்டாதவர்கள் எத்தனை பேர்?

நாம் செய்யவேண்டியது

கட்டுவதா வெட்டுவதா என்ற கேள்விக்கு விடை, ஏற்றவர்க்கு இரண்டும் என்பதே. இரண்டையும் முந்திச் செய்வது சிறப்பு. ஒன்றே கிடைக்குமாயின், கட்டை முதலிற் கொள்ளலாம். கட்டு இன்றி இரண்டாவது மாத்திரம் நிற்பதில்லை. மேற்சொன்ன இரு ஆய்வுகளிலும் எல்லா நோயாளருக்கும் கட்டு உண்டு என்பதை மறக்கலாகாது. தாதியின் தொழில் சத்திரவைத்தியர் தொழிலுக்குத் தாழ்ந்தது என்று நினைப்போர் இதைக் கவனிப்பார்களாக.

காற்புண்ணோடு வைத்தியசாலைக்குப் போகிறவரோ, அவரை அழைத்துச் செல்கிறவரோ மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேட்கலாம். கால் நாடியின் அமுக்கம் அளந்து பார்க்கப்பட்டதா? செவிக்கு எட்டாத ஒலியலையால் நாளங்களைக் காட்டும் ஸ்கான் எடுத்து, கெட்டது மேல்நாளமா ஆழ்நாளமா என்று பார்க்கப்பட்டதா? புண் ஆறிய பின் எந்த அளவான காலுறையை எவ்வளவு காலம் அணியவேண்டும்? இம்மூன்றும் கேட்கப்பட்டாற் பாதி வழி நடந்தாயிற்று.

வீட்டிலே செய்யத்தக்கவையும் உண்டு. நெடுநேரம் அசையாமல் நிற்பதையும் காலைத் தொங்கவிட்டு இருப்பதையும் தவிர்த்து, இடையிடையே நடப்பது, இருக்கையிற் குதியை உயர்த்தித் தாழ்த்திக் கெண்டைத் தசையை இயக்குவது, படுக்கும்போது காலை இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பது, உடற்பருமனைக் குறைப்பது. வகுப்பிலே நிற்கும் ஆசிரியரும், கடையில் நிற்கும் சிப்பந்தியும், அடுக்களையில் நிற்கும் நம் தாய்மாரும் இவற்றைக் கைக்கொள்ளவேண்டும். இவை காசு செலவில்லாத மருந்துகள்.

இச்சங்கத்து இளைஞர்களிடம் ஒரு விண்ணப்பம். திருவிழாக் காலத்தில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம்; சிரமதானஞ் செய்கிறோம். அவற்றோடு இதையுஞ் சேர்த்துக்கொள்வோம். நம் அயலிலே கால் வீங்கி, புண்ணை மறைத்து, வெளியே வராதிருக்கும் முதியவர் ஒருவர் இருந்தால், அவருடைய வெட்கத்தைப் புண்படுத்தாமல் அணுகி, கிளினிக் நாளன்று கூட்டிக்கொண்டு போவோம். வாரந்தோறும் கட்டு மாற்றப் போகவேண்டுமென்றால் வாரந்தோறும் துணைபோவோம். ஆய்வுகளிலே கண்ட நன்மை யாவும் கட்டை விடாது தொடர்ந்ததால் வந்தவை. தனியே இருக்கும் முதியவரால் துணையின்றித் தொடர முடியாது.

பெரியோர்களிடமும் பணிவோடு ஒன்று சொல்ல அநுமதி வேண்டுகிறேன். வினைப்பயனை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்த வினையைத் தீர்க்கும் முயற்சியையும் நம் சமயம் மறுக்கவில்லை. புண்ணுக்கு அறுபது உபசாரங்களை வகுத்த முன்னோரின் வழியிலே வந்த நாம், புண்ணை மூடி மறைத்து வைத்திருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது. காலைக் காட்டுங்கள். அதில் வெட்கமில்லை. கோயில் வீதியிலே உங்களை மீண்டும் காண நாங்கள் ஆசைப்படுகிறோம்.